இரண்டாம் தொடுதல்

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் மனிதர்கள் தனித்தனியாகக் கண்ணில் படுவதில்லை. ஆனி பிறந்து மலைமேல் மேகம் இறங்கிவிட்டால் போதும், வருகிறவர்கள் எல்லாரும் எங்களுக்கு 'சீசன் ஆட்கள்'. வேனில் வருகிறவர்கள், பஸ்ஸில் வருகிறவர்கள், கேரளா வண்டி, சாமியார் கூட்டம், பேரருவிப் பக்கம் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறவர்கள், நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொரிக்கிறவர்கள், கோயிலுக்குப் போகும் வழியில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பவர்கள். இப்படி வகை பிரித்துக்கொள்வதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வந்துபோகும் ஊரில் ஒவ்வொரு முகத்தையும் நின்று பார்த்தால் கடை நடக்காது, பஸ் ஓடாது. ஆனால் இந்தப் பழக்கம் சீசனோடு முடிவதில்லை. கூட்டம் வடிந்து அருவி நூலாக இளைத்த பிறகும் கண் அப்படியே பழகி நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரரையும் அது வகையாகவே பார்க்கிறது.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில் ஒரு சிறிய நிகழ்ச்சி உண்டு. பெத்சாயிதா ஊரில் பார்வையற்ற ஒருவனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார். கண்களில் உமிழ்ந்து, அவன்மேல் கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். தெரிகிறது, ஆனால் மனிதர்கள் நடமாடும் மரங்களாகத் தெரிகிறார்கள் என்கிறான் அவன். அவர் மறுபடியும் அவன் கண்களின்மேல் கை வைக்கிறார். அதன் பிறகுதான் எல்லாம் துலங்குகிறது. இயேசு குணமாக்கியதாகச் சுவிசேஷங்கள் சொல்லும் நிகழ்ச்சிகளில் இரண்டு படியாக நடந்தது இது ஒன்றுதான். மற்ற மூவரும் இதை எழுதவில்லை.

அந்த மனிதனுக்கு விசுவாசம் போதாமல் போனதால்தான் இரண்டு தடவை வேண்டியிருந்தது என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை. மாற்கு இதை வைத்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இதற்குச் சற்று முன்னால், படகில், கண் இருந்தும் உங்களுக்குத் தெரியவில்லையா என்று இயேசு தம் சீடர்களிடமே கேட்கிறார். இதற்கு அடுத்தாற்போல் பேதுரு அவரைக் கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறான். அறிக்கையிட்ட கையோடு, தாம் பாடுபட வேண்டும் என்று சொல்லும் அவரைக் கடிந்தும் கொள்கிறான். நடுவில் நிற்கிறான் பெத்சாயிதாக்காரன். பாதிப் பார்வையோடு இருப்பது கூடவே நடக்கும் சீடர்கள்தான் என்று மாற்கு காட்டுவதாகவே நான் வாசிக்கிறேன். ஞானஸ்நானம், திடப்படுத்தல், ஞாயிறு ஆராதனை, விடியற்கால ஜெபம் எல்லாம் இருக்க, எதிரில் வருகிறவர் மரமாகவே தெரியலாம். முதல் தொடுதலில் வெளிச்சம் வந்துவிடுகிறது. கடவுள் தெரிகிறார், பாவம் தெரிகிறது, மோட்சம் தெரிகிறது. மனிதர்கள் தெரிய இன்னொரு தொடுதல் வேண்டியிருக்கிறது.

பார்த்துவிட்டால் மட்டும் இரக்கம் வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. எரிகோவுக்கு இறங்கும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் பார்த்தான், லேவியனும் பார்த்தான்; இருவரும் கண்டார்கள் என்றே லூக்கா எழுதுகிறார். சமாரியன் கிட்டே போனான். அவன் மனம் இரங்கியதைச் சொல்லக் கதைக்கு ஒரு சொல் போதுமாக இருக்கிறது. மீதியெல்லாம் காரியம்: காயத்துக்கு எண்ணெய், திராட்சரசம், கட்டு, தன் மிருகத்தின்மேல் ஏற்றியது, சத்திரத்தில் இரவு கூடவே இருந்தது, மறுநாள் சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணம், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற பேச்சு. இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அந்த ஒரு சொல்லிலேயே நின்று நெகிழ்ந்துவிட்டு, சத்திரத்துக் கணக்கை விட்டுவிடுகிறோம்.

தென்காசியிலிருந்து தெற்கே, இதே மலைத்தொடரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, களக்காடு என்று போனால் டோனாவூர் வரும். ரேனியுஸ் ஐயர் காலத்தில் டோனா என்ற ஜெர்மானியப் பிரபு கொடுத்த பணத்தில் அமைந்த கிறிஸ்தவக் குடியிருப்பு. அதனால் அந்தப் பெயர். அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் சாகும்வரை, ஐம்பது ஆண்டுகள், இருந்த ஊர். எங்கள் பக்கத்து ஞாயிறு பள்ளிகளில் அவரைப் பற்றி ஒரு கதை தவறாமல் சொல்வார்கள்: சிறுமியாக இருந்தபோது நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தார், கடவுள் கொடுக்கவில்லை, பிற்பாடு தமிழ்ப் பெண்களோடு கலந்து பழக அந்தப் பழுப்புக் கண்களே உதவின. நல்ல கதைதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவரே எழுதிவைத்திருக்கும் இன்னொரு நிகழ்ச்சி.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில், கந்தல் உடுத்திய ஒரு கிழவி பெரிய மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிப் போகிறாள். ஏமியும் இரண்டு தம்பிகளும் மூட்டையை வாங்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து நடத்திப்போகிறார்கள். எதிரில் கோயிலிலிருந்து வருகிற கௌரவமான குடும்பங்கள். எல்லார் கண்ணும் தங்கள்மேல் விழுவது தெரிகிறது. மூன்று பேருக்கும் முகம் சிவந்துபோகிறது. செய்வது பிடிக்காமல்தான் செய்கிறார்கள். இந்த வெட்கத்தை ஏமி மறைக்கவில்லை. அன்று உள்ளம் பொங்கியது என்று எழுதியிருந்தால் நான் அதைத் தாண்டிப் போயிருப்பேன். அந்தத் தெருவில் அவருக்குத் தெரிந்த முகங்கள் கௌரவமானவர்களின் முகங்கள்தான். கிழவி இன்னும் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் மூட்டை கையில் இருந்தது. பிடித்துப்போய்ச் செய்கிற அன்பையே நாம் உண்மையான அன்பு என்று எண்ணுகிறோம். கை முந்திக்கொண்டு போய், கண் பின்னால் வந்து சேர்ந்த அன்பும் உண்டு. அதன்பின் அவர் பெல்ஃபாஸ்டின் ஆலைகளில் வேலைசெய்த பெண்களோடு பழகினார். தொப்பி வாங்க வழியில்லாமல் தலையில் சால்வை போட்டு வந்த அந்தப் பெண்களைக் கோயிலுக்குள் பார்ப்பது சபையாரில் பலருக்குப் பிடிக்கவில்லை.

1895இல் இந்தியா வந்தவர், அடுத்த ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிக்கு வந்து, மிஷனரி தாமஸ் வாக்கரிடம் தமிழ் படித்தார். சேலை உடுத்தி, தமிழ்க் கிறிஸ்தவப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். அந்த நாட்களில் அவருக்குத் தெரிந்தது 'ஆத்துமாக்கள்'. இருளில் கிடக்கும் ஜனம். அவரது தொடக்கக் காலக் கடிதங்களிலிருந்து உருவாகி 1903இல் வெளிவந்த புத்தகத்துக்கு, உள்ளதை உள்ளபடி காட்டுவது என்ற பொருளில் பெயர் வைத்தார். மிஷன் அறிக்கைகள் சீமைக்கு அனுப்பிய வெற்றிக் கதைகளை மறுத்து எழுதிய துணிச்சலான புத்தகம். அதே புத்தகத்தில் நம் ஊர்களும் கோயில்களும் ஒரே கரும்பூச்சாகத் தீட்டப்பட்டிருப்பதையும் சொல்ல வேண்டும்.

1901 மார்ச்சில் பண்ணைவிளையில் ஒரு காலைப்பொழுதில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். பெருங்குளத்தில் கோயிலுக்கென்று விடப்பட்டிருந்த பிள்ளை. முன்பு ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். திரும்பப் பிடித்து வந்து கைகளில் சூடு போட்டிருந்தார்கள். ப்ரீனா என்று அவர் எழுதும் அந்தக் குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டியது. ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த மாட்டுவண்டி அதோடு நின்றது. ஜனங்களைத் தேடிப் போனவருக்கு ஒரு பிள்ளை கிடைத்தாள். அடுத்த சில ஆண்டுகளில் பிள்ளைகள் சேர்ந்துகொண்டே போனார்கள். பால் காய்ச்சுவது, நகம் வெட்டுவது, இரவில் காய்ச்சல்காரக் குழந்தையோடு விழித்திருப்பது என்று ஆகிவிட்டது வாழ்க்கை. சுவிசேஷம் சொல்ல வந்தவர் ஆயா வேலை பார்க்கிறாரே என்று கேட்ட மிஷனரிகள் இருந்தார்கள். இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினதை அவர் நினைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் பொன்னம்மாளை நிறுத்திப் பார்க்க வேண்டும். டோனாவூரின் கதை ஏமி அம்மாளின் கதையாகவே சொல்லப்பட்டுவிட்டது. அவரே அதை விரும்பியிருக்க மாட்டார். பொன்னம்மாள் இளம் விதவை. யார் பெற்ற பிள்ளையோ, எந்தச் சாதியோ, அதன் துணியை அலசுவதும் மலத்தைத் துடைப்பதும் தங்களுக்குத் தகாத வேலை என்று கிறிஸ்தவப் பெண்களே ஒதுங்கிய காலம். பொன்னம்மாள் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. தானே உட்கார்ந்து அலசினார். பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் பிழைக்காமல் போனபோது, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று நெய்யூரில் வீடு எடுத்தார்கள். அங்கே தங்கி அவற்றை வளர்க்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. 1915இல் புற்றுநோயில் இறந்தார். கோயிலுக்கு அடியில் மண்ணுக்குள் கிடக்கும் கடைக்கால் கல்லைப் போன்றவர் என்று சொன்னால் பொருந்தும். அவரைப் பற்றித் தமிழில் ஒரு முழு நூல் வர வேண்டும் என்பது என் ஆசை.

டோனாவூரில் பிள்ளைகளுக்கு 'வந்த நாள்' கொண்டாடுவார்கள். பலருக்குப் பிறந்த நாள் தெரியாது; பிறப்பைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆளும் இல்லை. ஆகவே அந்தப் பிள்ளை வாசலுக்குள் வந்த நாளே அதன் நாள். ஒருவர் எந்தக் குலம், யார் வயிறு என்பதை விட்டுவிட்டு, எங்களிடம் நீ வந்தாய் என்பதிலிருந்து அவர் வயதை எண்ணத் தொடங்குவது சாதாரண காரியமில்லை. இரண்டாம் தொடுதல் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு வழக்கமாக்கி வைத்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. 1931 அக்டோபரில் களக்காட்டில், மருந்தகத்துக்காகப் பார்க்கப்போன வீட்டில் இருட்டில் குழிக்குள் விழுந்து ஏமி நொடித்துப்போனார். 1951 ஜனவரி 18இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். நூற்றுக்கணக்கானவர்கள் வாழ்ந்த அந்த வளாகத்தில், அறைக்குள் வரும் ஒருவரை மட்டுமே ஒரு நேரத்தில் பார்க்க முடிந்தது. வராதவர்களுக்குத் தனித்தனியே சீட்டு எழுதி அனுப்பினார்.

இவ்வளவு மதிப்போடு எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. அவர் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையை விட்டுக்கொடுத்த கோயில் பெண்ணைப் பார்த்தாரா? அவர் எழுத்தில் அவள் பெரும்பாலும் வலை விரிப்பவளாகவே வருகிறாள். அவளும் ஒருகாலத்தில் கைமாறிய குழந்தைதான். அவளிடம் பாட்டும் ஆட்டமும் இருந்தன, அவமானமும் இருந்தது. அந்தப் பெண்களுக்குள்ளிருந்தும் அவர்கள் வீட்டிலிருந்தும் பேச முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் வரவேண்டியிருந்தது. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் முழு வடிவம் பெற்றது. அதேபோல, கோயில் என்றாலே இருட்டு என்று எழுதிய கை, தென்காசிக் கோபுரத்தை எப்படிக் கடந்திருக்கும் என்றும் நினைத்துக்கொள்வேன். 1446இல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பழுதுபார்த்துக் காக்கப்போகிறவர்களின் பாதத்தில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் எழுதிவைத்தான். அரியணையில் இருந்த ஒருவன், தான் காணவே போகாத, பெயர் தெரியாத கொத்தனையும் தச்சனையும் கும்பிட்டிருக்கிறான். அதையும் அன்பு என்று ஒரு கிறிஸ்தவன் கண்டுகொள்ளத்தான் வேண்டும். ஏமி அம்மாளுக்கு அது தெரியவில்லை. பெத்சாயிதாக்காரனுக்கு இரண்டு தடவை போதுமாயிருந்தது. பரிசுத்தவான்களுக்குக்கூடச் சில நேரம் போதுவதில்லை.

இந்தப் பாதிப் பார்வை எங்கள் மண்ணின் பக்தர்களிடமும் இருந்தது. குற்றாலத்தைப் பேசும்போது குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரை விட முடியாது. அவர் குறவஞ்சி வழியாக வளர்ந்த வடிவத்தில்தான், திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் தம் பெத்தலகேம் குறவஞ்சியைப் பாடினார். எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் அவர் பாட்டுகள்தான். பக்தியில் அவருக்கு நிகராகச் சொல்ல அதிகம் பேர் இல்லை. ஆனால் 1820களில் தஞ்சாவூர்ச் சபையில் புதிதாக வந்த மிஷனரிகள், எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியபோது, சாஸ்திரியார் சாதி வழக்கத்தின் பக்கம் நின்றார். அதற்காக எழுதவும் செய்தார். மிஷனரிகள் நடந்துகொண்ட விதத்தில் ஆணவம் இருந்தது உண்மை. அது சாஸ்திரியார் நின்ற இடத்தைச் சரியாக்கிவிடாது. குறத்தியின் வாயில் பெத்தலகேமின் அருளைப் பாடவைத்தவருக்கு, பக்கத்துப் பாயில் உட்கார வந்த மனிதர் தெரியவில்லை. அந்தப் பாடல்களை நான் இன்னும் கண்ணீரோடு கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் இதுவும் கூடவே நினைவுக்கு வருகிறது.

வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில் இதையே கட்டடமாக்கிக் காட்டியது. 1872இல் எழுந்த அந்தக் கோயிலுக்குக் காற்சட்டையின் இரு கால்களைப்போல் இரண்டு நீள்கூடங்கள், நடுவில் சுவர், முன்னால் பொதுவாக ஒரு பீடம். இரு பக்கத்துச் சாதியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பீடத்தை மட்டும் பார்க்கலாம். கடவுள் தெரிந்தால் போதும், மனிதன் தெரிய வேண்டாம் என்ற ஆசையை இவ்வளவு கச்சிதமாக வேறெங்கும் கல்லில் கட்டியிருக்க மாட்டார்கள். 1910இல் அந்தச் சுவரை இடித்தார்கள். ஆனால் சுவர் என்ற எண்ணம் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் பல ஊர்களில் நிற்கிறது. பாமா 1992இல் 'கருக்கு' எழுதியபோது கன்னியர் மடத்துக்குள் அதைக் காட்டினார். 1981இல் தென்காசி வட்டாரத்து மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனதைக் கேட்டு நாடே திரண்டு வந்தது. தலைவர்கள், பத்திரிகைக்காரர்கள், மடாதிபதிகள். எத்தனை பேர் போனார்கள் என்றே எல்லாரும் எண்ணினார்கள். சட்டை போட்டுத் தெருவில் நடக்க, டீக்கடையில் எல்லாரையும்போல் உட்கார ஆசைப்பட்ட ஓர் ஆளின் முகம் அந்த எண்ணிக்கையில் எங்கே போனது? அவர்கள் ஏன் சபையின் கதவைத் தட்டவில்லை என்று இங்குள்ள கிறிஸ்தவர்களாகிய நாங்கள் அன்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் கோயிலுக்குள் அவர்களுக்கு என்ன காத்திருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

நெல்லைச் சீமைச் சபைகளில் அசனம் என்று ஒரு பண்டிகை உண்டு. அரிசியும் காய்கறியும் காணிக்கையாக வரும். பெரிய அண்டாக்களில் சமைத்து, ஊரார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து உண்பார்கள். வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். கிறிஸ்தவம் இந்த மண்ணுக்குக் கொடுத்த மிகப் பெரிய பிரசங்கம் அந்தப் பந்திதான் என்று நினைக்கிறேன், அது உண்மையிலேயே எல்லாருக்குமான பந்தியாக இருக்கிற இடங்களில். அங்கே பரிமாறுகிறவர்கள் குனிந்து இலையைப் பார்ப்பார்கள். பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார்கள். இன்னும் கொஞ்சம் சாம்பார் விடட்டுமா என்று கேட்க முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

பித்தம் தெளிய அருவியில் தலை கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழைய நம்பிக்கை. மனம் கலங்கியவர்களைக் குடும்பத்தார் குற்றாலத்துக்குக் கூட்டிவருவதை இன்றும் பார்க்கலாம். ஒருமுறை, சீசன் ஓய்ந்த ஒரு மத்தியானம், நாற்பது வயது மகனைக் கையைப் பிடித்து அருவிக்குள் நடத்திப்போன ஒரு தாயைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்ச நேரம்யா, தலையக் காட்டுய்யா" என்று கெஞ்சிக்கொண்டே தானும் நனைந்தாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள். மரியாதையாலும் இருக்கலாம், பயத்தாலும் இருக்கலாம். எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் மட்டும் கிட்டே வந்து, "அண்ணாச்சி, எந்த ஊரு?" என்று தாயிடம் கேட்காமல் அந்த மகனிடமே கேட்டார். சற்று நேரம் கழித்து, "கயத்தாறு" என்று பதில் வந்தது. தாய் திரும்பி மகனைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளுக்குள் வாழ்ந்த ஒருவன் வருகிறான். விலங்கும் சங்கிலியும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்; முறித்துவிட்டான். இரவும் பகலும் கூவி, கற்களால் தன்னையே கீறிக்கொள்கிறான். ஊரார் அவனைப் பற்றி எல்லாம் அறிந்திருந்தார்கள், அவன் பெயரைத் தவிர என்று தோன்றுகிறது. இயேசு அவனிடம் உன் பெயர் என்ன என்று கேட்கிறார். பிறகு அவன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஊர் பயப்படுகிறது. சங்கிலியோடு இருந்தபோது அவன் எதில் சேர்த்தி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மனிதனாக உட்கார்ந்திருக்கும்போதுதான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கூடவே வருகிறேன் என்றவனை, வீட்டுக்குப் போ, உன் இனத்தாரிடம் போ என்று இயேசு திருப்பி அனுப்புகிறார். இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வரும். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்த அந்த விடியலில், சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அருவி மருந்தாகாது, மருத்துவரும் மாத்திரையும் வேண்டும், நெடுநாள் பொறுமையும் வேண்டும். ஆனால் எந்த ஊர் என்று கேட்க மருத்துவப் படிப்பு தேவையில்லை.

ஏழையில் இயேசுவைப் பார் என்று சபைகளில் அடிக்கடி சொல்கிறோம். மத்தேயு 25ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் காட்டுகிறோம்: பசித்தவனுக்குக் கொடுத்தது எனக்கே கொடுத்தது என்று அரசர் சொல்லும் பகுதி. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனாலும் அந்த உவமையைப் பொறுமையாக வாசித்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. வலப்பக்கம் நிற்பவர்கள் திகைத்துப்போகிறார்கள். உம்மை எப்போது பசியோடு கண்டோம் என்று கேட்கிறார்கள். அவர்கள் பசித்தவனுக்குள் ஆண்டவரைக் கண்டு சோறு போட்டவர்கள் இல்லை. பசித்தவனைக் கண்டு போட்டார்கள். சிறையில் இருந்தவன் சிறையில் இருந்ததால் போய்ப் பார்த்தார்கள். அவர் அங்கே இருந்தது கடைசியில்தான் தெரிகிறது. எனக்கு இந்தத் திகைப்பு மிகவும் வேண்டியதாக இருக்கிறது. நான் நோயில் கிடக்கும்போது ஒருவர் வந்து, என்னை ஊடுருவி எனக்குப் பின்னால் இருக்கும் வேறொருவரைப் பார்த்து நேசித்தால், நான் இன்னும் தனியாகத்தான் கிடப்பேன். அந்த நேசம் மேலானதாக இருக்கலாம். என்னிடம் வந்து சேராது. கிறிஸ்து மனிதனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவனைத் தாண்டித் தன்னைப் பார்க்கச் சொல்கிறவர் என்று நான் நம்பவில்லை. மாம்சமானவர் அப்படிச் செய்ய மாட்டார். நாயீன் ஊர் வாசலில் பாடையைச் சுற்றி அவ்வளவு கூட்டம் இருந்தும் அவர் கண் மகனைப் பறிகொடுத்த தாயின்மேல் நின்றது. அவளைப் பார்த்தார். அவளைத்தான் பார்த்தார்.

தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்கு, கூட ஆளில்லாத நோயாளிகளுக்கென்று கஞ்சி கொண்டுவரும் ஓர் ஆச்சியை எனக்குத் தெரியும். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனியே எடுத்துவைக்கும் பழக்கம் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உண்டு. ஆச்சி அந்தப் பிடி அரிசியைத்தான் காய்ச்சிக் கொண்டுவருகிறார். தூக்குவாளியோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒருநாள் வாசலில் பார்த்து, "தோத்திரம் ஆச்சி" என்றேன்.

"தோத்திரம்யா. வீட்ல எல்லாரும் சொகந்தான?"

நோயாளிகளுக்கு ஜெபம் பண்ணுவீர்களா என்று கேட்டேன்.

"கேட்டா பண்ணுவேன். கேக்காட்டா வீட்டுக்குப் போயிப் பண்ணுவேன். எல்லா மதத்துக்காரங்களும் இருக்காங்கள்லா. அவங்க சீக்கா கெடக்கையில நாம போயி நின்னுக்கிட்டு கண்ண மூடுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? ஆனா பேரு வேணும்யா. பேரு தெரியாம என்னன்னு ஜெபம் பண்ண? அதுக்குத்தான் பேரு கேட்டு வச்சிக்கிடுதது."

உள்ளே நடந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். "மூணாங்கட்டில்ல இருக்காரே, அவருக்கு உப்பு ஆகாதுன்னுட்டாங்க. உப்பில்லாத கஞ்சி எப்பிடிய்யா எறங்கும்? சுக்குத் தட்டிப் போட்டுக் கொண்டாந்தேன். அந்த வாசத்துக்கு ரெண்டு வாய் குடிச்சாரு. சன்னலோரத்துப் பிள்ளைக்குத் தேங்காத் தொவையல்னா உசுரு. அவ மாமியா நேத்துதான் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கா, நல்லவதான், தூரந்தொலவு, என்ன செய்ய."

கடைசிக் கட்டிலில் ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அருவிக்கரையிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவர் என்றார் ஆச்சி.

"இவரு இன்னும் வாயத் தொறக்கல. கஞ்சி வேண்டாங்காரு. நாளைக்கு ரசம் வச்சுக் கொண்டாந்து பாக்கணும். எய்யா, இந்த மூடியக் கொஞ்சம் தெறந்து குடுங்க, இறுகிப்போச்சு."